கர்ணன் காத்த இரகசியம்

2025 அக்டோபர் மாதத்தில் பங்கஜ் தீர் என்னும் இந்தி நடிகர் மும்பையில் காலமானார். இச்செய்தி எனக்குச் செய்தித்தாள் வாயிலாக வரவில்லை. வாணியம்பாடியில் எங்கள் சபையைச் சேர்ந்த முதிய தாயார் ஒருவர் மாலை ஜெபக்கூட்டத்திற்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஐயரே, நம்ம கர்ணன் போயிட்டாராமே" என்றார். எந்தக் கர்ணன் என்று நான் கேட்க வேண்டியிருந்தது. அவருக்கோ விளக்கம் தேவைப்படவில்லை. தொலைக்காட்சி மகாபாரதத்தில் கர்ணனாகத் தோன்றியவர் இறந்துவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அம்முகம் அத்தாயாருக்குத் தம் வீட்டார் முகம்போல் நினைவில் நின்றது.

பி. ஆர். சோப்ரா தயாரித்த அத்தொடர் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை தூர்தர்ஷனில் 94 பகுதிகளாக ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பாயிற்று. அந்நாளைய திருப்பணியாளர்கள் அதை மறந்திருக்க முடியாது. ஆராதனை மணி அடித்த பின்னும் பின்வரிசைகள் காலியாயிருந்தமைக்கு அத்தொடரே காரணம் எனப் பிரசங்கபீடத்திலிருந்து கடிந்துரைத்தவர் பலர். நான் அப்போது கல்லூரி மாணவன். கடிந்துரைக்கப்பட்டவர்களுள் ஒருவன். எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது தோல் வணிகம் செய்த, உருது பேசும் இஸ்லாமியக் குடும்பம் ஒன்றின் வீட்டில். இந்தி எங்களுக்கு விளங்காது. அவ்வீட்டுப் பெரியவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வசனத்தைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்வார். அரங்கேற்றக் களத்தில் கர்ணனைப் பார்த்து 'சூதபுத்திரன்' என்று இகழ்ந்தபோது, அவர் சற்று நிறுத்தி, "வண்டிக்காரன் பையன்னு சொல்றாங்கப்பா" என்றார். கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். தொடரின் வசனத்தை எழுதியவர் ராஹி மாசூம் ரசா என்னும் இஸ்லாமிய எழுத்தாளர் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது, அந்தக் கூடம் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

இறையியல் ஏட்டில் ஒரு தொலைக்காட்சித் தொடரைத் திறனாய்வு செய்யலாமா என வினவுவோர் உண்டு. நம் சபையார் வாரத்தில் ஒரு மணி நேரம் நம்மைக் கேட்கின்றனர். நாள்தோறும் மூன்று மணி நேரம் தொடர்களைக் கேட்கின்றனர். நட்பு இன்னது, உண்மை இன்னது, வாக்கு இன்னது என்பதை அவர்கள் பெரும்பாலும் எங்கே கற்கின்றனர் என்பதை நாம் அறியாதிருப்பது நன்றன்று. ஒரு எச்சரிக்கையும் தேவை. மகாபாரதம் நம் அயலாருக்குத் திருநூல். அதை மாயக்கதை என்று நாம் அழைப்பது மரியாதையன்று. நான் ஈண்டு எடுத்துக்கொள்வது அந்நூல் திரையில் பெற்ற வடிவத்தை. வானில் இரண்டு அம்புகள் முட்டித் தீப்பொறி சிந்துவதும், ஓர் அம்பு நூறாகப் பிரிவதும், கவசம் உடலோடு ஒட்டி ஒளிர்வதுமான அவ்வடிவம் மாயத் தொடர்களின் இலக்கணத்தையே பின்பற்றுகிறது. ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சிக்காக சித்தார்த் குமார் திவாரி தயாரித்து 2013 செப்டம்பர் முதல் 2014 ஆகஸ்ட் வரை 267 பகுதிகளாக வந்த புதிய மகாபாரதம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அது விஜய் தொலைக்காட்சியில் தமிழ் பேசியது. எனவே இன்றைய வாலிபருக்குக் கர்ணன் என்றால் பங்கஜ் தீர் அல்லர், அஹம் சர்மா.

இவ்விரு தொடர்களும், அவற்றுக்கு முன் 1964இல் பி. ஆர். பந்துலு இயக்கிச் சிவாஜி கணேசன் நடித்த 'கர்ணன்' திரைப்படமும் தமிழர் உள்ளத்தில் ஊன்றியுள்ள பாடம் ஒன்றே. கர்ணன் தன் பிறப்பின் இரகசியத்தை அறிந்த பின்பும் நண்பனைக் கைவிடவில்லை, அரசுரிமையை உதறினான், இரகசியத்தை நெஞ்சிலேயே புதைத்துக்கொண்டு நண்பனுக்காக உயிர் கொடுத்தான், ஆகவே நட்புக்கு இலக்கணம் கர்ணன். இதையே வாலிபர் கூட்டங்களில் கேட்கிறோம். திருமண வாழ்த்துரைகளில் கேட்கிறோம். யோனத்தானையும் கர்ணனையும் ஒரே மூச்சில் சொல்லும் பிரசங்கங்களையும் நான் கேட்டிருக்கிறேன். நானே அப்படிப் பிரசங்கித்தும் இருக்கிறேன். அந்தப் பிரசங்கத்தைத்தான் இக்கட்டுரையில் நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அரங்கேற்றக் களத்துக் காட்சிக்குரிய மதிப்பை அதற்குக் கொடுத்துவிடவேண்டும். வில்வித்தையில் தன் தகுதியைக் காட்டிய ஒருவனிடம், உன் குலம் என்ன என்று கேட்கப்படுகிறது. அவன் தலை தாழ்கிறது. அப்போது ஒருவன் மட்டும் எழுந்து, இவனை அங்க நாட்டுக்கு அரசனாக்குகிறேன் என்கிறான். தோல் தொழில் செய்வோரைத் தோலோடு சேர்த்தே தீட்டென ஒதுக்கிய சமுதாயத்தில், இக்காட்சி வெறும் கதையாக இறங்குவதில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் அதே கேள்வி கேட்கப்பட்டவர்கள் நம் சபைகளில் இருக்கின்றனர். துரியோதனனுக்கு அருச்சுனனை எதிர்க்க ஒரு வில்லாளி தேவைப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் அவமானத்தில் நின்றவனுக்கு நீட்டப்பட்ட கையின் நோக்கத்தை ஆராய்வதற்கு நேரம் இருப்பதில்லை. கர்ணனின் நன்றியை எளிதாகப் பழிப்பவர், அக்களத்தில் ஒருபோதும் நின்றிராதவர்.

ஆனால் நன்றி ஒன்று, நட்பு வேறொன்று. தமிழில் இதற்குச் 'செஞ்சோற்றுக் கடன்' என்று அருமையான சொல் இருக்கிறது. அச்சொல்லிலேயே கடன் இருக்கிறது. உண்ட சோற்றுக்கு உயிரைத் திருப்பித் தருவது வீரனுக்கும் தலைவனுக்கும் உள்ள உறவு. வள்ளுவரோ நட்பைப் பற்றிய அதிகாரத்தில், நண்பன் வழிதவறும்போது முன்சென்று இடித்துரைப்பதை நட்பின் வேலையாக வைக்கிறார். கடன்பட்டவனால் இடித்துரைக்க இயலுமா? நம் தொடர்கள் செஞ்சோற்றுக் கடனை நட்பு என்று பெயர் மாற்றி விற்கின்றன என்பதே என் முதற்குறை.

இரண்டாவது குறை தொலைக்காட்சிக் கலையைப் பற்றியது. தொடர் என்னும் வடிவம் இரகசியத்தைத் தின்று வாழ்கிறது. கதைமாந்தர் அறியாத ஒன்றைப் பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நாளை மறுபடி வந்து உட்காருவர். பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட குழந்தை யார் என்பது நமக்குத் தெரியும், பாண்டவருக்குத் தெரியாது. பல மாதங்கள் நாம் அதைத் தெரிந்துவைத்திருக்கும் சுகத்தை அனுபவிக்கிறோம். உண்மை வெளிப்படும் நாளில் இசை எழும்புகிறது, காட்சி மெதுவாகிறது, ஒவ்வொரு முகமும் தனித்தனியே மும்முறை காட்டப்படுகிறது. இதில் இரகசியம் என்பது பார்ப்பவருக்கு இன்பம், நடிகருக்குக் கண்ணீர். அந்த இரகசியத்துக்கு விலை கொடுத்தவர்கள் திரையில் வருவதேயில்லை. அவர்கள் போர்க்களத் தூசியில் கூட்டமாக ஓடுகிறவர்கள், கணினியால் பெருக்கப்பட்டவர்கள், முகமில்லாதவர்கள்.

இனி மூலத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில், சமாதானத் தூது தோற்றபின், கண்ணன் கர்ணனைத் தன் தேரில் ஏற்றிக்கொண்டு நகருக்கு வெளியே செல்கிறான். நீ குந்தியின் மூத்த மகன், என்னுடன் வா, பாண்டவர் உன் காலடியில் பணிவர், அரசு உன்னுடையது என்கிறான். கர்ணன் வியப்படையவில்லை. அவன் சொல்லும் காரணங்கள் திரையில் கேட்டதைவிடப் பலவகைப்பட்டவை. தன்னை எடுத்து வளர்த்த அதிரதன், இராதை ஆகியோரின் அன்பு முதலில் வருகிறது. தான் மணந்த பெண்கள், பெற்ற பிள்ளைகள் வருகின்றனர். பதின்மூன்று ஆண்டுகள் துரியோதனனை அண்டி அரசு துய்த்ததும், தன்னை நம்பியே அவன் போருக்கு எழுந்ததும் வருகின்றன. அருச்சுனனோடு தனிப்போர் என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் வரும் பழியும் வருகிறது. ஆக நட்பு அங்கே இருக்கிறது. ஆனால் வளர்ப்புப் பெற்றோருக்கும் சொந்த மானத்துக்கும் இடையில் ஒன்றாக இருக்கிறது.

அதன்பின் அவன் ஒரு வேண்டுகோள் வைக்கிறான். இப்பேச்சு நமக்குள்ளேயே இருக்கட்டும் என்கிறான். யாரிடமிருந்து மறைக்கச் சொல்கிறான் என்பது கவனிக்கத்தக்கது. தருமனிடமிருந்து! தருமன் அறிந்தால் அரசை மூத்தவனிடம் ஒப்படைத்துவிடுவான், என் கைக்கு வந்தால் நான் அதைத் துரியோதனனுக்கே கொடுத்துவிடுவேன், அவ்வாறு ஆகலாகாது, தருமனே ஆளட்டும் என்பது அவன் வாதம். அதாவது, தான் எந்தப் பக்கம் நின்று போரிடப்போகிறானோ அந்தப் பக்கம் ஆளத் தகுதியற்றது என்று கர்ணனே எண்ணுகிறான். இன்னும் இரண்டு காரியங்களை அவன் அந்தத் தேரில் சொல்கிறான். துரியோதனனை மகிழ்விக்கத் தான் பாண்டவரை இகழ்ந்து பேசிய கடுஞ்சொற்களுக்காக இப்போது வருந்துவதாகக் கூறுகிறான். சூதாட்ட மண்டபத்தில் திரௌபதியின் ஆடையைக் களையச் சொன்ன வாய் இவனுடையது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. அடுத்து, தான் கண்ட கனவைச் சொல்கிறான்: பாண்டவர் வெல்வர், துரியோதனனும் தானும் அழிவர்.

இந்த இடத்தில்தான் என் பழைய பிரசங்கம் எனக்கு முன்பாக நொறுங்கிற்று. பிறப்பு ஒன்று, தன் பேச்சைக் குறித்த வருத்தம் ஒன்று, வரப்போகும் அழிவு ஒன்று என மூன்றையும் கர்ணன் எதிரணியின் சாரதியிடம் மனந்திறந்து சொல்லுகிறான். இவற்றுள் ஒன்றையாவது துரியோதனனிடம் சென்று சொன்னதாக வியாசர் எழுதவில்லை. நீ வெல்லமாட்டாய், நாம் செய்தது தவறு, உன் எதிரிகள் என் தம்பிமார், இப்போதாவது ஐந்து ஊர்களையேனும் கொடுத்து அமைதி கொள் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதன் கர்ணன். துரோணர் சொன்னால் துரியோதனன் கேட்கமாட்டான். விதுரர் சொன்னால் இகழ்வான். கர்ணன் சொன்னால் கேட்டிருக்கலாம். கேளாதிருந்திருக்கலாம் என்பதும் மெய்யே. ஆனால் அவன் சொல்லவே இல்லை. நண்பனுடைய இரகசியத்தைக் காத்தவன் என்று நாம் கொண்டாடும் கர்ணன், உண்மையில் நண்பனிடமிருந்து இரகசியத்தைக் காத்தவன். அவன் உண்மையாயிருந்தது துரியோதனனின் கொடைக்கு. துரியோதனனின் உயிருக்கு அன்று.

மனந்திரும்புதலைக் கற்பிக்கும் நமக்கு அத்தேர்க் காட்சி வேறொரு விதத்திலும் முக்கியமானது. வருத்தம் உண்மையானது, அதை நான் ஐயுறவில்லை. ஆனால் அது விலை எதுவும் கொடுக்கவேண்டியிராத இடத்தில் அறிக்கையிடப்பட்டது. திரௌபதியிடம் சொல்லப்படவில்லை, அச்சொற்களைக் கேட்டு நகைத்த சபையிலும் சொல்லப்படவில்லை. தொடர்களின் இசையும் கண்ணீரும் பிறப்பின் இரகசியத்துக்கே செலவாகின்றன. தன்னைக் குறித்த வருத்தத்தையே ஒருவன் இரகசியமாக வைத்துக்கொண்டான் என்பதன்றோ கதையின் கொடிய முடிச்சு!

தமிழ் மரபு இதைச் சற்று வேறாகக் கண்டது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் குந்தி வரம் கேட்க வரும்போது, கர்ணனும் தாயிடம் கேட்கிறான்: நான் இறக்கும்வரை இதைச் சொல்லாதே; நான் விழுந்தபின் உலகறிய என்னை மடியில் ஏந்தி மகனே என்று அழு என்கிறான். 1964ஆம் ஆண்டுத் திரைப்படமும் இவ்வழியே சென்றது; நம் பாட்டிமார் திரையரங்கில் அழுதது இக்காட்சிக்குத்தான். இதில் ஓர் உயர்வு உண்டு. இரகசியத்துக்கு ஒரு கெடு வைக்கப்படுகிறது. மறைத்தவளே வெளியில் வந்து சொல்லவேண்டும் என்ற நிபந்தனை வைக்கப்படுகிறது. வியாசரிடத்தில் அதுவும் இல்லை. அங்கே போர் முடிந்து, கங்கைக் கரையில் இறந்தோருக்கு நீர்க்கடன் செலுத்தும் வேளையில், கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்று குந்தி சொல்கிறாள். தருமன் இடிந்துபோகிறான். முன்பே அறிந்திருந்தால் இவ்வழிவு நேர்ந்திராதே என்று புலம்புகிறான். பின்னர், இனிப் பெண்கள் எவருக்கும் இரகசியம் நெஞ்சில் தங்காதிருக்கட்டும் எனச் சபிக்கிறான்.

இச்சாபத்தைப் பற்றி ஒரு சொல். ஆண்கள் கூடுமிடங்களில் இது இன்றும் வேடிக்கையாகச் சொல்லப்படுகிறது. கூட்டங்களில் நம் உடன் ஊழியரும் சொல்லிச் சிரிக்க வைப்பதுண்டு. யார் யாருக்கு இந்த இரகசியம் தெரிந்திருந்தது? கண்ணனுக்குத் தெரியும். வியாசருக்கும் நாரதருக்கும் தெரியும். பீஷ்மருக்குத் தெரியும், அம்புப் படுக்கையில் கிடக்கும்போது கர்ணனிடம் தாமே அதைச் சொல்கிறார். இத்தனை ஆண்களும் வாய் மூடியிருந்தனர். சபிக்கப்பட்டவளோ, திருமணத்துக்கு முன் தாயாகி, சொன்னால் தன் வாழ்வே போகும் என்று அஞ்சிய பெண் ஒருத்தி. அவளோடு உலகத்துப் பெண்கள் யாவரும். ஆற்றல் உள்ளவர்கள் காத்த மௌனத்துக்கு ஆற்றல் இல்லாதவள் குற்றவாளியாக்கப்படுவது குருக்ஷேத்திரத்தோடு முடிந்த வழக்கமன்று.

இப்போது யோனத்தானிடம் வருவோம். அவனும் கர்ணனைப்போலவே தோற்ற பக்கத்தில் நின்று இறந்தவன். கில்போவா மலையில் தகப்பன் சவுலோடு விழுந்தான். தாவீதின் பாளயத்துக்கு ஓடிப்போகவில்லை. இவ்வொற்றுமையே என்னைப்போன்ற பிரசங்கிகளை ஏமாற்றுகிறது. வேற்றுமை முதலாம் சாமுவேல் 19, 20ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. யோனத்தான் தாவீது ஒளிந்திருக்கும் வயல்வெளியைத் தகப்பனிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு இரகசியம் காத்தான். ஆனால் அதே தகப்பனிடம் நேரே சென்று, குற்றமில்லாதவனைக் கொல்ல நினைப்பது பாவம் என்று பேசினான். முதன்முறை சவுல் கேட்டான். இரண்டாம் முறை பந்தியில் எல்லோர் முன்னும் அவன் தாயையே இழிவுபடுத்தித் திட்டி, அவன்மேல் ஈட்டியை எறிந்தான். யோனத்தான் கோபத்தோடு பந்தியை விட்டெழுந்தான், உணவு கொள்ளவில்லை. செஞ்சோற்றுக் கடன் தகப்பனிடமும் உண்டு, நட்பு தாவீதிடமும் உண்டு; இரண்டுக்கும் நடுவே தன் உடலையே வைத்தான். அந்த ஈட்டிதான் கர்ணன் கதையில் இல்லாதது.

எனினும் திருமறை இதைச் சர்க்கரைப் பாகாகத் தரவில்லை. யோனத்தானிடம் விடைபெற்ற தாவீது நேரே நோபுக்குச் சென்று, அரசனின் இரகசியப் பணிமேல் வந்திருப்பதாக ஆசாரியன் அகிமெலேக்கிடம் பொய் சொல்லி அப்பமும் பட்டயமும் பெற்றுக்கொள்கிறான். அகிமெலேக்கு ஒன்றும் அறியாதவன். தோவேக்கு காட்டிக்கொடுக்க, 85 ஆசாரியர் வெட்டுண்டனர், ஊரே அழிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அகிமெலேக்கு தானே முடிவு செய்திருப்பான். தப்பி ஓடவாவது முயன்றிருப்பான். தாவீது அந்த உரிமையை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டான். பின்னர் அபியத்தார் மட்டும் தப்பி வந்தபோது, உன் தகப்பன் வீட்டார் யாவரின் சாவுக்கும் நானே காரணம் என்று தாவீது ஒப்புக்கொள்கிறான். அவன் தோவேக்கை மட்டும் குற்றஞ்சாட்டவில்லை என்பதைக் காண்க. தருமன் கங்கைக் கரையில் தாயைச் சபித்ததோடு இதை ஒப்பிட்டுப் படிக்கும்படி என் மாணவருக்குச் சொல்வதுண்டு.

பிதாக்களின் எழுத்துகளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அகுஸ்தீன் பொய்யைப் பற்றி எழுதிய நூலில், தம் சொந்த ஊராகிய தகாஸ்தேயில் முன்னாளில் பேராயராயிருந்த ஃபிர்முஸ் என்பவரைக் குறிப்பிடுகிறார். அடைக்கலம் புகுந்த ஒருவனை அவர் ஒளித்து வைத்திருந்தார். பேரரசரின் சேவகர் வந்து கேட்டபோது, நான் பொய்யும் சொல்லமாட்டேன், அவனைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன் என்றார். வாதைகளைச் சகித்தார். இறுதியில் பேரரசர் முன் நிறுத்தப்பட்டு, ஒளிந்திருந்தவனுக்கே மன்னிப்புப் பெற்றுத் தந்தார். அகுஸ்தீன் இதைக்கொண்டு பொய் எந்நாளும் ஆகாது என்று நிறுவ முயல்கிறார். அவ்வளவு தூரம் என்னால் அவரோடு செல்ல இயலவில்லை. 1943இல் சிறையிலிருந்து எழுதிய போன்ஹோஃபர், தன் தகப்பன் குடித்துவிட்டு வருவதுண்டா என்று வகுப்பின் நடுவே ஆசிரியர் கேட்க, இல்லை என்று மறுத்த சிறுவனின் பொய்யில் தகப்பனின் பலவீனத்தை வகுப்பின் முன் வெளிப்படுத்தியிருப்பதைவிட அதிக உண்மை உண்டென்கிறார். அதுவே எனக்குச் சரியெனப் படுகிறது. ஆயினும் ஃபிர்முஸ் என் நினைவை விட்டு அகலாததற்குக் காரணம் வேறு. அவர் காத்த இரகசியத்தின் விலையை அவரே கொடுத்தார். கீழ்நதியில் இருப்போருக்கு அதை அனுப்பிவைக்கவில்லை.

'கீழ்நதி' என்ற சொல்லை நான் எண்ணாமல் எழுதவில்லை. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஊழியம் செய்கிறவர்களுக்குப் பாலாற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் உள்ள இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமற் போனதாகக் கூறும் ஆய்வை எடுத்துரைத்தது. இத்தனை நிலம் ஓரிரவில் கெடவில்லை. பல்லாயிரம் இரவுகள், பல்லாயிரம் கண்கள் பார்த்திருக்க, பார்த்தவர்கள் சொல்லாதிருக்க, கெட்டது. அவர்கள் சொல்லாதிருந்தது தீமையினால் அன்று. வேலை வாங்கித் தந்தவனுக்கு, முன்பணத்துக்கு ஜாமீன் நின்றவனுக்கு, குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் கைக்காசு கொடுத்தவனுக்கு உண்மையாயிருந்தார்கள். கர்ணனை ஏன் இவ்வூரில் இவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். பெயரும் இடமும் சொல்லேன். அவர் வேலை செய்த டேனரியில் மழை பெய்யும் இரவுகளில் கழிவுநீரைச் சுத்திகரிப்புக்கு அனுப்பாமல் ஓடைக்குத் திறந்துவிடுவதுண்டு. வால்வைத் திறந்தவர் அவருடைய மேஸ்திரி. சிறுவயது முதல் நண்பர். தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய முன்பணத்துக்கு ஜாமீன் நின்றவர். "ஐயரே, இது நமக்குள்ளயே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா அவன் பொழப்பு போயிடும்" என்றார். நான் அவரோடு ஜெபித்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களித்தேன், அவ்வாக்கைக் காத்தேன். நல்ல ஆயன் என்று என்னையே எண்ணிக்கொண்டேன். அடுத்த மாதம் அந்த ஓடையின் கீழ்ப்புறத்திலுள்ள சிற்றூர் ஜெபாலயத்தில், அதுவும் என் பொறுப்பிலிருந்த சபையே, சமாரியப் பெண்ணும் கிணறும் என்ற பொருளில் பிரசங்கித்தேன். அவ்வூர்ப் பெண்கள் தங்கள் கிணற்றுநீர் கரிப்பதால் இரண்டு கிலோமீட்டர் நடந்து குடத்தில் நீர் கொண்டுவந்து, அதில் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள்.

ஆயரிடம் நம்பிச் சொல்லப்பட்டதை வெளியிடலாம் என்று நான் வாதிக்க வரவில்லை. இளம் திருப்பணியாளர் எவரும் அவ்விதம் இதைப் படிக்கவேண்டாம். அந்த நம்பிக்கை உடைந்தால் நம்மிடம் ஒருவரும் வரமாட்டார்கள். வருவதற்கு வேறிடமும் அவர்களுக்கு இல்லை. நான் தவறியது மௌனம் காத்ததில் அன்று. அம்மனிதர் மௌனத்தை மட்டும் கேட்டு வரவில்லை. அதற்கு அவர் வராமலேயே இருந்திருக்கலாம். கர்ணன் தேரில் கண்ணனிடம் பேசியதுபோல, பாரத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வந்தார். நான் கண்ணனைப்போலவே கேட்டுக்கொண்டேன், இரகசியம் காத்தேன், தேரை விட்டு இறக்கி அனுப்பிவிட்டேன். கண்ணன் அந்த இரகசியத்தைக் கடைசிவரை காத்தான். காத்துக்கொண்டே, தேர்ச்சக்கரம் புதைந்து நின்ற கர்ணன்மேல் அம்பு விடச் சொன்னான். வாருங்கள், இருவருமாக உங்கள் நண்பரிடம் போவோம், அவருடைய பிழைப்பும் கெடாமல் கீழூர்க் கிணறும் கெடாமல் என்ன செய்யலாம் என்று கேட்போம் என்பதே நான் சொல்லியிருக்க வேண்டியது. அதைச் சொல்வதற்கு இரகசியத்தை உடைக்க வேண்டியதில்லை. ஈட்டி மட்டும் நம் பக்கமாக வரக்கூடும்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் தாமாகவே மேஸ்திரியிடம் பேசினார். அதில் என் பங்கு ஒன்றுமில்லை. ஆறு மாதம் இருவருக்கும் பேச்சு நின்றது. ஆராதனையில்கூட எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்தார்கள். ஆனால் அடுத்த சித்திரையில் மேஸ்திரியின் மகள் திருமணத்தில் பந்தி விசாரித்தவர் அவரே; இலைக்கு இலை குனிந்து கேட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் சாம்பார்க் கறையோடு நின்றார். வால்வைக் குறித்து அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.